உங்களுக்குத் தெரியுமா? ரோஜாவுக்கு எத்தனை மார்க்!

● ஹைப்ரிட் டீ என்ற ரோஜா வகைக்கே தாய்வீடு பிரான்ஸின் லியோன் நகரம். 1867-இல் அங்கே கியோ அறிமுகப்படுத்திய ‘லா பிரான்ஸ்’தான் முதல் ஹைப்ரிட் டீ என்று கணக்கு. உலகப் புகழ் பெற்ற ‘பீஸ்’ ரோஜாவும் அதே வட்டாரத்துப் பிள்ளைதான்.

● ‘பீஸ்’ பிறந்தபோது அதற்குப் பெயர் கிடையாது, எண்தான்: 3-35-40. நடுவிலுள்ள 35, பிரான்சிஸ் மெய்யாண் இனக்கலப்பு செய்த 1935-ஐக் குறிக்கிறது. இரண்டாம் உலகப் போர் மூண்ட சமயத்தில் அதன் ஒட்டுக்குச்சிகள் ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா என்று ஆளுக்கொரு திக்காகப் போய்ச் சேர்ந்தன. கடிதப் போக்குவரத்து நின்றுபோனதால் அவரவர் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தார்கள். பிரான்ஸில் மெய்யாணின் தாயார் பெயர், ஜெர்மனியில் ‘குளோரியா தேய்’, இத்தாலியில் ‘ஜோயா’. அமெரிக்காவில் 1945 ஏப்ரல் 29 அன்று பசடேனாவில் ‘பீஸ்’ (அமைதி) என்று அறிவித்தார்கள். ஐ.நா. சபையை உருவாக்க சான் பிரான்சிஸ்கோவில் கூடியிருந்த தூதுக்குழுத் தலைவர்களுக்கும் ஆளுக்கொரு பூ கிடைத்தது. எந்த ரோஜாவுக்கு அமையும் இப்படியொரு விளம்பரம்!

● அமெரிக்க ரோஜா சங்கத்தின் போட்டிகளில் பூவுக்கு 100 மார்க். வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, தண்டுக்கும் இலைக்கும் 20, இதழின் திடத்துக்கு 15, பொருத்தத்துக்கும் அளவுக்கும் தலா 10. கூட்டிப் பாருங்கள், நூறு முடிந்துவிட்டது. வாசனைக்கு? ஒரு மார்க்கும் இல்லை! ரோஜாவைக் கண்டதும் முதலில் மூக்கருகே கொண்டுபோகும் நம் வீட்டுப் பெண்களை நடுவராகப் போட்டால் பாதிப் பூக்கள் தேறாது. ‘பீஸ்’ பாடும் திண்டாட்டம்தான். அதன் மணம் மிக மென்மை.

● வடிவத்தைப் பார்க்கச் சரியான நேரம், பூ பாதி முதல் முக்கால் அளவு வரை விரிந்திருக்கும்போது. மேலிருந்து பாருங்கள்: இதழ்கள் ஒரே மையத்திலிருந்து சுருளாக விரிய வேண்டும். மையம் இரண்டாகப் பிளந்திருந்தால் மார்க் போச்சு. ஒரு தண்டுக்கு ஒரு பூ என்பது விதி. பக்க மொட்டுகளை மிளகளவு இருக்கும்போதே விரலால் கிள்ளிவிடுவார்கள். பெரிதான பிறகு கிள்ளினால் தழும்பு காட்டிக்கொடுக்கும்.

● வீட்டுத் தோட்டக்காரர் மார்க் போட வேண்டியது இலைக்கு என்பேன். 1900-இல் வந்த ‘சொலேய் தோர்’ வழியாகப் பாரசீக மஞ்சள் ரோஜாவின் நிறம் நவீன ரோஜாக்களுக்குக் கிடைத்தது. கூடவே கரும்புள்ளி நோய்க்கு ஆளாகும் பலவீனமும் ஒட்டிக்கொண்டது. ‘பீஸ்’ செடியிலும் அந்தத் தொல்லை உண்டு. இலை ஏறத்தாழ ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் பூஞ்சை உள்ளே புகுந்துவிடும். மாலையில் செடியைத் தலையோடு குளிப்பாட்டுகிறவர்கள் கவனிக்க! தண்ணீர் காலையில், வேரடியில்.

● முதல் பூவை வைத்து ரகத்தை எடை போடாதீர்கள். அமெரிக்காவில் முன்பு தேர்வு வைத்த ‘ஆல் அமெரிக்கா ரோஸ் செலக்‌ஷன்ஸ்’ அமைப்பே ஒவ்வொரு ரகத்தையும் இரண்டு வருடம் வெளியில் வளர்த்துப் பார்த்துத்தான் பரிசு கொடுத்தது. ‘பீஸ்’ அதை 1946-இல் வாங்கியது. உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 1976-இல் முதன்முதலாகக் கௌரவித்த ரோஜாவும் அதுதான்.

● ‘ஏழு சிற்றிலை வந்தால் காட்டுக்குச்சி (வேர்ச்செடியின் தளிர்), வெட்டிவிடு’ என்று நர்சரியில் சொல்வார்கள். நம்ப வேண்டாம், நல்ல ரகங்களிலும் ஏழு வரும். தளிர் ஒட்டுக் கட்டுக்குக் கீழேயிருந்து கிளம்புகிறதா என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். கீழேயென்றால் மட்டும் அடியோடு பிய்த்தெறியுங்கள்.

● ஒட்டுக்கு மேலே ஒரே ஒரு கிளையில் மட்டும் வேறு நிறப் பூ வந்தால் கத்தரியை எடுக்காதீர்கள். ‘பீஸ்’ செடியில் இப்படித் தானாக மாறிய ஒரு கிளைதான் 1962-இல் ‘சிகாகோ பீஸ்’ என்ற அடர் ரோஸ் ரகமாக வெளிவந்தது. அந்தக் கிளையிலிருந்து கண் எடுத்து வேறொரு வேர்ச்செடியில் ஒட்டிப் பாருங்கள்; அங்கேயும் அதே நிறம் நின்றால் பெயர் யோசிக்கத் தொடங்கலாம்.