பிடி அரிசியோடு ஒரு பிடி பருப்பு



  

"ரேஷன் கடையில் அரசாங்கமே இலவசமாக அரிசி போடுகிறதே, சபை எதற்குப் பசிக்கென்று தனியாகக் காணிக்கை எடுக்க வேண்டும்?" அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்த ஒரு நாளில், சபை மூப்பர் ஒருவர் எங்களிடம் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். உங்களில் பலருக்கும் இது இருக்கக்கூடும். ஆகவே இந்த மடலில் அதற்கு விளக்கம் சொல்ல விரும்புகிறோம்.

முதலில், அரசு செய்திருப்பதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1982 முதல் சத்துணவுத் திட்டம் விரிவாக நடந்து வருகிறது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு விலையில்லா அரிசி கிடைக்கிறது. 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் உண்டு. நம் பாட்டனார் காலத்துப் பஞ்சக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இவை சிறிய காரியங்களாகத் தோன்றவில்லை.

ஆனால் எங்கள் வார்டுகளில் நாங்கள் காண்கிற பசி வேறு விதமானது. பானையில் சோறு இருக்கும். தட்டில் பருப்பு இராது, முட்டை இராது, பால் இராது. ரேஷனில் மலிவு விலைக்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை ஐந்து பேர் உள்ள வீட்டில் பகிர்ந்தால், தலைக்கு நாளொன்றுக்கு ஏழு கிராம்கூட வராது. தினக்கூலிக்குப் போகிற தகப்பன் நோயில் விழுந்தால் மீதியைக் கடையில் வாங்கப் பணம் இல்லை. நோயாளிக்கென்று நாம் கொடுக்கிற முட்டையை அவர் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். எந்தத் தகப்பன் கொடுக்கமாட்டான்?

காசநோயில் இந்தப் பசியின் விளைவு தெளிவாகத் தெரிகிறது. பலருடைய சரீரத்தில் காசநோய்க் கிருமி உறங்கிக்கிடக்கிறது. சத்துள்ள உணவு இல்லாமல் எதிர்ப்புச் சக்தி குறையும்போது அது விழித்துக்கொள்கிறது. நோய் வந்தபின் பசி மந்தமாகி எடை இன்னும் குறைகிறது. சிகிச்சை பலன் கொடுக்கத் தொடங்கியதும் பசி திரும்புகிறது. அப்போது வீட்டில் சாப்பிட ஒன்றும் இராது. வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டுகிறது என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள்.

ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு இதை எண்களில் காட்டியது. அதன் முடிவுகள் 2023இல் வெளியாயின. 2,800 காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொதி கொடுத்தார்கள். அவர்களுடைய வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு மாத்திரம், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். சிறு பிள்ளைகளுக்கு அதில் பாதி. உணவு பெற்ற வீட்டாரிடையே, பெறாதவர்களைக் காட்டிலும் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பரிசோதனையில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களிடம் மரண அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும் மருந்துக்கு ஒப்பாக வேலை செய்தன!

அரசும் 2018 முதல் காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாயிற்று. இது பெரிய உதவிதான். ஆயினும் அது நோயாளி ஒருவரைக் கணக்கிட்டுக் கொடுப்பது. வீட்டில் உட்காருகிற பந்தியோ ஐந்து பேர் பந்தி.

இந்த இடைவெளியில்தான் சபைக்கு வேலை இருக்கிறது. அது புதிய வேலையும் அல்ல. வயலின் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடும்படி லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. போவாசின் வயலில் ரூத் பொறுக்கியது அந்தப் பிரமாணத்தினால்தான். கிலவுதியு ராயன் காலத்துப் பஞ்சத்தில் அந்தியோகியா சபையார் அவரவர் திராணிக்குத் தக்கதாகச் சேர்த்து, பர்னபா, சவுல் கையில் யூதேயாவுக்கு அனுப்பியதை அப்போஸ்தலர் 11இல் வாசிக்கிறோம்.

நம் தாய்மார் அறிந்த வழி பிடி அரிசி. உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். மிசோரத்தில் இதே வழக்கம் 1910இல் தொடங்கிற்று. அங்குள்ள பெண்கள் அன்றாடம் ஒதுக்கிய பிடி அரிசியை விற்ற பணம், இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாயாக அந்தச் சபைகளின் ஊழியத்தைத் தாங்குகிறது. ஐசுவரியவான்கள் கொடுத்ததல்ல அது.

இப்போது மூப்பரின் கேள்விக்கு வருவோம். அரிசி ரேஷனில் கிடைக்கிறதென்றால், நாம் பருப்பை ஒதுக்குவோம். ஒரு கைப்பிடிப் பருப்பு ஏறக்குறைய 50 கிராம். நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ. அந்த ஆய்வில் ஓர் ஆளுக்குக் கொடுத்த அளவு அதுவே. நாற்பது வீடுகள் உள்ள சிறிய கிராமச் சபை மாதம் 60 கிலோ சேர்க்கலாம். நாற்பது பேருடைய தட்டு நிறையும்.

கொடுக்கும் முறையைப்பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது எங்கள் தவற்றினால் கற்றது. சில ஆண்டுகளுக்கு முன், காணிக்கை கொடுத்த சபையாருக்குக் காட்ட வேண்டுமென்று, ஆராதனை முடிந்தபின் பயனாளிகளை வரிசையில் நிறுத்தி, பெயர் வாசித்துப் பைகளைக் கொடுத்துப் புகைப்படமும் எடுத்தோம். கட்டட வேலை செய்யும் ஒரு சகோதரர் தலைகுனிந்து வாங்கிப் போனார். அடுத்த மாதம் பைக்கும் வரவில்லை, மாத்திரைக்கும் வரவில்லை. வீடு தேடிப் போனோம். அவருடைய மனைவி, "படம் எடுத்தீங்களே ஐயா, இவருக்கு என்ன நோயின்னு இப்ப தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. எங்க பிள்ளைய யாரும் விளையாடச் சேர்க்க மாட்டேங்கிறாங்க" என்றார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுத் திரும்பினோம். அவர் மறுபடியும் சிகிச்சைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் எங்களுக்குச் சரியான தூக்கம் இல்லை. கர்த்தருடைய பந்தியிலேயே இல்லாதவர்களை வெட்கப்படுத்தினதற்காகப் பவுல் கொரிந்து சபையாரைக் கடிந்துகொண்டது அந்நாட்களில் எங்களுக்கு நன்றாய் விளங்கிற்று.

அன்று முதல் இந்த மடலில் பயனாளிகளின் படத்தை நீங்கள் காண்பதில்லை. மாத்திரை கொடுக்கும் அறையிலேயே, மற்றவர் அறியாமல் பொதி கொடுக்கப்படுகிறது. எந்த மதத்தார் என்று கேட்பதில்லை. ஆராதனைக்கு வரவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மிகவும் மெலிந்துபோனவர்களுக்கு ஒரேயடியாக அதிக உணவு கொடுப்பது ஆபத்தானதால், அவர்களை மருத்துவர் பார்த்துச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்.

உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். பருப்பு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, சமையல் எண்ணெய் ஆகியவற்றை ஒதுக்கிக் கொடுங்கள். வண்டு விழுந்ததை அல்ல, நீங்கள் உண்பதையே கொடுங்கள். பண்டிகைக்கு ஒருமுறை பெரிதாகக் கொடுப்பதைவிட மாதந்தோறும் சிறிதாகக் கொடுங்கள். சிகிச்சை ஆறு மாதம். பசி பண்டிகைக்குக் காத்திராது.

அடுத்த முறை உலை வைக்கும்போது கலயம் உங்கள் கண்ணில் படட்டும். ஐந்து அப்பத்தை ஆசீர்வதித்த ஆண்டவர் அந்த ஒரு பிடியையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்