அமைச்சருக்குப் பின்னால் இருந்தவர்

தோட்டத்தில் துரை கையெழுத்துப் போடுவார். தாளை எழுதி நீட்டுகிறவர் பெரிய கிளாக்கர். இது நம்ம சனங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அரசாங்கத்திலும் பெரிய அமைச்சர்மாருக்குப் பக்கத்தில் ஆலோசகர் என்று ஒருவர் இருப்பார். நாம் அவருக்கு வாக்குப் போடுவதில்லை. ஆனால் நம்ம தலையெழுத்து அவர் மேசையில் கிடக்கும்.

இலங்கைத் தமிழர் விஷயத்தில் இந்தியப் பிரதமர் இந்திரா காந்திக்கு அப்படி இருந்தவர் சென்னைக்காரர் ஜி. பார்த்தசாரதி. 1912இல் பிறந்தவர். தகப்பனார் கோபாலசாமி ஐயங்கார் நேருவின் அமைச்சரவையில் இருந்தவர். மகன் ஒக்ஸ்போர்டில் படித்தார், கிரிக்கெட்டும் நன்றாக ஆடினார். முதல் உத்தியோகம் ‘த ஹிந்து’ பத்திரிகையில். பிறகு இந்தோனேசியா, சீனா, பாகிஸ்தான் நாடுகளில் தூதுவர், ஐ.நா.வில் இந்தியப் பிரதிநிதி. 1969இல் டில்லி நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர்.

இவ்வளவிலும் முக்கியம் காஷ்மீர் வேலைதான் என்பது என் எண்ணம். ஷேக் அப்துல்லாவின் ஆளோடு இந்திராவுக்காகப் பொறுமையாகப் பேசி, 1974 நவம்பரில் உடன்பாடு எழுதினார். அடுத்த வருசம் ஷேக் முதலமைச்சரானார். கோபத்தில் இருக்கிற இரண்டு பக்கத்தையும் உட்கார வைக்கத் தெரிந்தவர் என்ற பெயர் அதனால் வந்தது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்திரா அவரைத்தான் கொழும்புக்கு அனுப்பினார். ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனாவோடும் அமிர்தலிங்கத்தோடும் மாறிமாறிப் பேசினார். அந்தப் பேச்சில் வந்த தாளுக்கு ‘இணைப்பு சி’ என்று பெயர். மாவட்ட சபைகள் ஒன்றுசேர்ந்து மாகாணத்துக்கு ஒரு பிராந்திய சபை அமைக்கலாம், காணி அதிகாரமும் அதற்கு உண்டு என்றது அது. நம்ம திருகோணமலைத் துறைமுகம் மட்டும் மத்திய அரசாங்கத்தின் அதிகார சபைக்கு. கிளிவெட்டியில் இருந்து வாசிக்கிறவனுக்கு அந்த வரி உறுத்தத்தான் செய்யும். பேரம் என்றால் கொடுத்து வாங்குவதுதானே.

1984 ஜனவரியில் கூடிய சர்வகட்சி மாநாட்டுக்கு அந்தத் தாள் போனது. தொண்டமான் ஐயாவும் அங்கே இருந்தார்; நாடற்றவர் பிரச்சினையும் பேசப்பட்டது. பிக்குமார் பிராந்திய சபையை எதிர்த்தார்கள். வருசம் முடிய மாநாடும் முடிந்தது, தாள் அப்படியே நின்றது. அதற்கிடையில் ஒக்டோபர் 31இல் இந்திரா சுடப்பட்டார். ஆலோசகரின் பலம் அவரைக் கேட்கிறவரின் காதில்தான் இருக்கிறது. ராஜீவ் காந்தி வந்தபின், 1985இல் வேலை வெளியுறவுச் செயலாளர் ரொமேஷ் பண்டாரியின் கைக்கு மாறியது.

1987 ஒப்பந்தத்தோடு மாகாண சபை வந்தபோது, பழைய பிராந்திய சபையின் சாயல் அதில் தெரிந்தது. அந்த மேசையில் பார்த்தசாரதி இல்லை. 1995இல் காலமானார்.