ஒரே கம்பியில் பல உலகங்கள்!
ஆஸ்பத்திரியையும் கடையையும் காக்கும் ‘வி-லான்’ முறை

2002-ம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரியில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. கம்ப்யூட்டர்கள் எல்லாம் நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் வலை மூச்சு முட்டிப் போயிற்று. ரத்தப் பரிசோதனையின் முடிவு வார்டுக்குப் போய்ச் சேரவில்லை. டாக்டர் எழுதிய மருந்து விவரம் மருந்துக் கூடத்துக்குப் போகவில்லை. பழைய காலத்துக் காகிதமும் பேனாவுமே கைகொடுத்தன. நான்கு நாட்கள் இந்த நிலை நீடித்தது.

காரணம் என்ன? ஆராய்ச்சியாளர் ஒருவரது வேலையால் திடீரென்று பெருகிய தகவல் வெள்ளம்தான் தீப்பொறி. ஆனால் வைக்கோற்போர் முன்னதாகவே குவிந்து கிடந்தது. வருஷக்கணக்கில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வளர்ந்த அந்த வலை, நடுவில் சுவர்களே இல்லாத ஒரு பெரிய கூடம் போல ஆகிவிட்டிருந்தது. ஒரு மூலையில் எழுந்த அமளி எல்லா மூலைகளையும் ஆட்டி வைத்தது.

சுவர் இல்லாத இடத்தில் சுவர் எழுப்புவது எப்படி? எழுப்பிய சுவரில் வாசல் வைப்பது எப்படி? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடைதான் ‘வி-லான்’ முறையும், வி-லான்களுக்கு இடையே வழி அமைக்கும் முறையும்.

ஓயாத தண்டோரா

இன்று அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களைப் பிணைக்கும் ‘ஈதர்நெட்’ முறை 1973-ல் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது. ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்ற இருவர் அதை உருவாக்கினர். இந்த முறையில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தேட வேண்டுமானால், “இந்த எண்ணுக்கு உரியவர் யார்?” என்று தண்டோராப் போடும். வலையிலுள்ள அத்தனை கம்ப்யூட்டர்களும் அதைக் கேட்டே தீர வேண்டும். இருபது கம்ப்யூட்டர்கள் இருந்தால் தொல்லையில்லை. இரண்டாயிரம் இருந்தால்?

அதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர்களைச் சேர்க்கும் ‘ஸ்விட்ச்’ பெட்டிகளுக்கிடையே கேபிள்கள் வட்டமாக அமைந்துவிட்டால், தண்டோரா அந்த வட்டத்தில் முடிவின்றிச் சுற்றும். ஈதர்நெட் செய்திக்கு ஆயுட்காலம் என்று ஒன்று கிடையாது. இந்த வட்டத்தை அறுக்க ‘ஸ்பானிங் ட்ரீ’ என்ற காவல் முறை இருக்கிறது. ஆனால் சாதாரண அமைப்பில், செய்தி கடந்து செல்லும் ஸ்விட்சுகள் ஏழுக்கு மேற்படாமல் இருந்தால்தான் அந்தக் காவல் நம்பத்தக்கது. பாஸ்டன் ஆஸ்பத்திரியின் வலை இந்த எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தது.

தபால் பையும் அட்டையும்

ஒவ்வொரு இலாகாவுக்கும் தனி ஸ்விட்ச், தனிக் கேபிள் என்று போடலாமே என்று தோன்றும். செலவு கட்டுப்படியாகாது, இலாகா இடம் மாறினால் சுவரை உடைக்க வேண்டும். அமெரிக்காவின் பெல்கோர் ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் பணியாற்றிய டேவிட் சின்கோஸ்கி, ஒரே கேபிள் அமைப்பைப் பல வலைகளாகப் பாவிக்கும் உபாயத்தைக் கண்டார்.

இதைப் புரிந்துகொள்ள ரயிலில் போகும் தபால் வண்டியை நினைத்தால் போதும். மதுரைப் பை, திருச்சிப் பை, நெல்லைப் பை எல்லாம் ஒரே வண்டியில்தான் போகின்றன. பைமேல் கட்டிய அட்டையைப் பார்த்து அந்தந்த ஊரில் இறக்குகிறார்கள். வி-லான் முறையிலும் ஒவ்வொரு செய்தியோடும் 4 பைட் அளவுள்ள அட்டை ஒன்று சேர்க்கப்படுகிறது. அதில் 12 பிட்டுகள் வலையின் எண்ணைக் குறிக்கும். 12 பிட்டில் 4,096 எண்கள் எழுதலாம். முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை. ஆகவே 4,094 தனி வலைகளை ஒரே கேபிளில் ஓட்டலாம்! இந்த அட்டையின் இலக்கணம் 1998-ல் ‘802.1க்யூ’ என்ற பெயரில் பொது விதியாக வெளியாயிற்று.

ஓர் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்வோம். டாக்டர்களின் கம்ப்யூட்டர்களுக்கு எண் 10. கணக்குப் பிரிவுக்கு 20. எக்ஸ்ரே யந்திரங்களுக்கு 30. பார்வையாளர்களின் செல்போன்களுக்கு 40. ஸ்விட்சில் கம்ப்யூட்டர் செருகும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இதில் ஓர் எண்ணை ஒதுக்கிவிட வேண்டும். இதற்கு ‘அக்ஸஸ்’ போர்ட் என்று பெயர். கம்ப்யூட்டருக்கு அட்டையைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஒரு ஸ்விட்சிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் போர்ட்தான் ‘ட்ரங்க்’. அதில் எல்லா எண்களும் அட்டையோடு பயணம் செய்யும். இனி 10-ல் போடும் தண்டோரா 20-ன் காதில் விழாது.

வாசல் எங்கே?

சுவர் எழுப்பியாயிற்று. ஆனால் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்க்க வேண்டாமா? இங்கேதான் ‘ரூட்டர்’ வருகிறது.

ஒவ்வொரு வி-லானுக்கும் தனி விலாச வரிசை உண்டு. 10-க்கு 192.168.10 என்று தொடங்கும் விலாசங்கள், 30-க்கு 192.168.30 என்று தொடங்குபவை. ரூட்டருக்கு இரு பக்கமும் விலாசம் உண்டு: 192.168.10.1, 192.168.30.1. இவையே வாசல்கள். டாக்டரின் கம்ப்யூட்டர், தான் தேடும் விலாசம் தன் தெருவில் இல்லை என்று கண்டதும் செய்தியை வாசலுக்கு அனுப்பும். ரூட்டர் 10 என்ற அட்டையை எடுத்துவிட்டு, 30 என்ற அட்டையைக் கட்டி அனுப்பும். பதிலும் அதே போல, எதிர் வாசல் வழியே திரும்பும்.

சிறிய இடத்தில் ரூட்டரை ஒரே ட்ரங்க் கேபிளில் தொங்கவிடலாம். ஆனால் போகிற செய்தியும் வருகிற செய்தியும் அந்த ஒரே கேபிளில் ஏறி இறங்குவதால் நெரிசல் உண்டாகும். பெரிய இடங்களில் ஸ்விட்சும் ரூட்டரும் ஒரே பெட்டியில் சேர்ந்த ‘லேயர் 3 ஸ்விட்ச்’ உபயோகிக்கிறார்கள். வேகம் அதிகம்.

திறந்த வாசலின் அபாயம்

பலர் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. பல ரூட்டர்கள், வழி அமைத்த கணத்திலேயே எல்லா வலைகளுக்கும் இடையே தாராளமாகப் போக்குவரத்தை அனுமதித்துவிடும்! பார்வையாளரின் செல்போனும் எக்ஸ்ரே யந்திரத்தின் கதவைத் தட்டலாம். ஆகவே யார் எங்கே போகலாம் என்ற அனுமதிப் பட்டியலை வாசலில் வைக்க வேண்டும். இந்தப் பட்டியல் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்தும் விதியே செல்லும். விதிகளின் வரிசை தவறினால் பட்டியல் இருந்தும் பயனில்லை.

2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள் களவு போயின. திருடர்கள் நுழைந்தது குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரின் ரகசியச் சொல்லைக் கொண்டு! மிக முக்கியமான பகுதிகளை டார்கெட் சரிவரத் தனிப்படுத்தவில்லை என்றே தோன்றுகிறது என 2014-ல் அந்நாட்டு செனட் குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது.

கவனிக்க வேண்டியவை

கம்ப்யூட்டர் இருந்தும் தொடர்பு கிடைக்காவிட்டால் நிபுணர்கள் முதலில் பார்ப்பது சில எளிய இடங்களைத்தான். ட்ரங்கில் அந்த எண் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா? கம்ப்யூட்டரில் வாசலின் விலாசம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? ட்ரங்கில் அட்டையில்லாமல் போகும் செய்திக்கு இரு முனைகளிலும் ஒரே எண்தான் குறிக்கப்பட்டிருக்கிறதா? பெரும்பாலான கோளாறுகள் இவற்றிலேயே அகப்பட்டுவிடும்.

வி-லான் ஒன்றே சர்வரோக நிவாரணி அல்ல. வலைகள் பலவானாலும் கேபிள் ஒன்றுதான். ஒரு வி-லானில் எழும் புயல், பொதுக் கேபிளை அடைத்து மற்றவற்றையும் வாட்டும். அதனால் ஒரே வி-லானைக் கட்டிடம் முழுவதும் நீட்டாமல், மாடிக்கு மாடி நிறுத்தி, நடுவில் ரூட்டரை வைப்பது உத்தமம். பாஸ்டன் ஆஸ்பத்திரியும் பிறகு தன் வலையின் மையத்தில் ரூட்டர்களை வைத்துச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டது.

யந்திரம் வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எண்களையும், விலாசங்களையும், யாருக்கு எங்கே அனுமதி என்பதையும் எழுதி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சில ரூபாய்த் தாளும் ஒரு மாலைப் பொழுதும்தான் செலவு. நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு நேரத்துக்கு வார்டுக்குப் போய்ச் சேருவது அதைப் பொறுத்தே இருக்கிறது.