மடி மாறும் படம்

கணினியை இயக்கியதும் திரையில் தயாரித்த நிறுவனத்தின் சின்னம் தெரிகிறது. பிறகு பல கணினிகளில் திரை ஒருமுறை கறுத்து மீண்டும் ஒளிர்கிறது. அந்தக் கறுப்பு நொடியில்தான் படம் ஒரு மென்பொருளிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது.

திரையில் தெரியும் படம் நினைவகத்தில் ஒரு பகுதியில் இருக்கிறது. அதற்கு ஃபிரேம்பஃபர் என்று பெயர். 1920×1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் சுமார் 83 லட்சம் பைட். டிஸ்ப்ளே கன்ட்ரோலர் என்ற சுற்று அதைப் பொதுவாக நொடிக்கு 60 முறை ஓயாமல் படித்துத் திரைக்கு அனுப்புகிறது. மேசைக் கணினியில் இதை முதலில் அமைப்பது யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர். பல ஏஆர்எம் பலகைகளில் யூ-பூட் என்ற பூட்லோடர். அடுத்து வரும், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும் இந்த வேலையை நிறுத்தாமல் ஏற்க வேண்டும். தூங்கும் குழந்தையை மடி மாற்றுவது போன்ற காரியம் இது.

அதற்குக் கெர்னலிடம் ஒரு குறிப்பு சேர வேண்டும்: படம் இருக்கும் முகவரி, அகலம், உயரம், ஒரு வரிக்கு எத்தனை பைட், நிறங்களின் வரிசை. ஏஆர்எம் பலகைகளில் டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் விவரப் பட்டியலில் இது எழுதப்படுகிறது. 2021இல் லினக்ஸ் 5.14உடன் வந்த சிம்பிள்டிஆர்எம் என்ற சிறு டிரைவர் இந்தக் குறிப்பை மட்டும் நம்பி, திரையின் அமைப்பை மாற்றாமல், அதே நினைவகத்தில் எழுதுகிறது.

குறிப்பில் பிழை இருந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும். அந்த நினைவகத்தை ஒதுக்கி வைக்காவிட்டால் கெர்னல் அதை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். திரையில் அலங்கோலமான புள்ளிகள் தெரியும். டிஸ்ப்ளே கன்ட்ரோலரை இயக்கும் கடிகாரத் துடிப்புகளின் பட்டியல் குறிப்பில் விடுபட்டால், யாரும் உரிமை கோராத துடிப்புகளைக் கெர்னல் மின்சாரம் மிச்சமாகட்டும் என்று அணைத்துவிடும், திரை இருண்டுவிடும்.

கடைசியில் கிராஃபிக்ஸ் சில்லுக்கே உரிய முழு டிரைவர் வந்து, சிறு டிரைவரை விலக்கிவிட்டுப் பொறுப்பேற்கிறது. எல்லாவற்றையும் அணைத்துப் புதிதாகத் தொடங்குவது பழைய வழக்கம். கறுப்பு நொடி வந்தது அதனால்தான். இன்டெல் டிரைவர் இப்போது சில்லின் பதிவேடுகளை முதலில் படிக்கிறது. இருக்கும் அமைப்பே போதுமென்றால் அப்படியே ஏற்கிறது. 2019இல் லினக்ஸ் 5.1 முதல், ஸ்கைலேக் தலைமுறைச் சில்லுகளும் அதற்குப் பிந்தையவையும் இப்படியே தொடங்குகின்றன.

லினக்ஸ் பயன்படுத்துபவரானால் கெர்னலின் தொடக்கப் பதிவுகளைத் திறந்து பாருங்கள். சிம்பிள்டிஆர்எம் என்ற பெயரும், அதற்குக் கீழே உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயரும் இருந்தால், மடி மாறிய இடம் அதுதான்.