பொய்யுரைக்கும் வெப்ப உணரி

மோட்டார்க் காரிலே குளிர் குறைந்தவுடன் வாயு போதாதென்றோ கொம்பிறெசர் பழுதென்றோ தீர்ப்புக் கூறிவிடுவது வழக்கமாயிற்று. பெரும்பொருள் செலவிட்டுப் புதியன பொருத்திய பின்னரும் குறை தீராதிருத்தலுண்டு. அத்தகைய வேளைகளிற் சில, மிளகளவினதான வெப்ப உணரியொன்றின் பழுதினால் நேர்வன. அதனை அறியும் முறையை ஈண்டு விளக்குவாம்.

தானியங்கிக் குளிரூட்டியிற் கட்டளையிடுவது ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. காரின் உள்ளும் புறமும் குளிர்ச்சுருளின் அருகும் வைக்கப்பட்ட உணரிகளை நம்பியே அது நடக்கின்றது. அவ்வுணரிகளுட் பெரும்பாலன வெப்பம் ஏறத் தடை குறையும் குறைகடத்திகள். இவ்வியல்பினை 1833 ஆம் ஆண்டில் மைக்கல் பரடே வெள்ளிச் சல்பைட்டிற் கண்டார். பெருவழக்கான ஒருவகை உணரி 25 பாகை செல்சியசில் 10,000 ஓம் தடையும், 0 பாகையில் ஏறக்குறைய 30,000 ஓம் தடையும் உடையது. பெட்டியானது 5 உவோற்று மின்னை ஒரு மாறாத் தடையினூடாக அனுப்பி, உணரியிற் காணும் மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணிக்கும். ஆதலால், கம்பி அறுந்தாற் கடுங்குளிரென்றும், கம்பிகள் தம்முள் ஒட்டினாற் கடுவெப்பமென்றும் அது கொள்ளும்.

குளிர்ச்சுருளின் உணரி பொய்யாகக் குளிரென்று கூறினால், பனிக்கட்டி படியுமென அஞ்சிப் பெட்டி கொம்பிறெசரை நிறுத்திவிடும். பொய்யாக வெப்பமென்று கூறினால், நிறுத்தவேண்டிய வேளையில் நிறுத்தாது. சுருள் உறைந்து காற்று அடைபடும்.

சைவ சித்தாந்த நூலார் கொண்ட காண்டல், கருதல், உரை என்னும் அளவைகள் இங்கும் நமக்கு உதவுவன. உணரி கூறுவது உரை. அது நம்பத்தக்கதோ என்பதை ஏனையிரண்டாலும் ஆராய்தல் வேண்டும்.

முதலாவது காண்டல். இரவு முழுதும் நிழலில் நின்ற காரின் எஞ்சினை இயக்குமுன், உணரிகள் கூறும் வெப்பநிலைகளைப் பழுதறி கருவியிற் படித்து, ஒரு வெப்பமானியோடு ஒப்பிடுக. யாவும் ஏறத்தாழ ஒத்திருத்தல் வேண்டும். தனித்து வேறுபடுவது ஐயத்துக்குரியது.

அடுத்தது கருதல். ஐயத்துக்குரிய இருகம்பி உணரியின் இணைப்பைக் கழற்றினால், கருவியிற் காணும் எண் கடுங்குளிருக்கு இறங்கவேண்டும். கம்பிப் பக்கத்து இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்தாற் கடுவெப்பத்துக்கு ஏறவேண்டும். இரண்டும் நிகழின், கம்பியும் பெட்டியும் நல்லன, பழுது உணரியினதே. நிகழாவிடின் பழுது கம்பியிலோ பெட்டியிலோ உளது. சில பெட்டிகள் ஒவ்வாத எண்ணைத் தள்ளி ஊகித்ததொன்றைக் கொள்ளுமாதலால், உற்பத்தியாளரின் கைந்நூலை முன்னரே பார்த்தல் நன்று. கழற்றிய உணரியின் தடையைப் பல்மானியால் அளந்து, அந்நூலிலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டால் முடிபு உறுதியாகும்.

ஒன்று மறத்தலாகாது. காரினுள்ளேயுள்ள உணரிக்குச் சிறு துளைகளினூடே காற்றுச் செல்லுதல் வேண்டும். தூசி அடைத்துக்கொண்டால், நல்ல உணரியும் முகப்புப் பலகையின் சூட்டையே அறையின் சூடெனக் கூறும். இயங்கும்போது துளையருகே பிடித்த மெல்லிய கடதாசித் துண்டு உள்ளிழுக்கப்படுகின்றதா எனப் பார்த்தல் போதும்.

கட்டளையிடுவோன் எத்துணை நுண்ணியனாயினும், தூது பொய்த்தாற் கட்டளையும் பிழைக்கும். ஆதலின் எதனையும் மாற்றுமுன் அளந்து பார்ப்போமாக. ஆய்வுகூடத்தில் ஓமின் விதியைப் பயிலும் நம் மாணவர்க்கு அது பரீட்சைக்கு மட்டும் உரியதன்று என்பதும் இதனால் விளங்கும்.