நரம்பின் வாயில்களும் கணிதமும்

சென்ற தவணையில் உயர்தர வகுப்புக்கு மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் வேளையிலே தந்தையொருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். பிள்ளைக்குக் கணிதத்திலே பெருவிருப்பு. தந்தையார்க்கோ அவள் உயிரியற் பிரிவிற் சேரவேண்டும் என்பது எண்ணம். பிள்ளை தயங்கி நிற்பதைக் கண்டு, "உயிரியல் படிக்கப் போற பிள்ளைக்குக் கணக்கு என்னத்துக்கு, சேர்?" என்று என்னைக் கேட்டார்.

எமது கல்வி முறையில் இவ்வினா வெறும் பேச்சன்று. உயிரியற் பிரிவைத் தெரிந்தெடுக்கும் பிள்ளை, பதினாறு வயதளவிலே இணைந்த கணிதத்தை விட்டுவிடுகிறாள். நானோ கலைப்பட்டதாரி, வரலாறும் தமிழும் பயின்றவன். உடனே விடை கூற இயலவில்லை. இரண்டு நாட் கழித்து வருமாறு சொல்லியனுப்பிவிட்டு, எமது விஞ்ஞான ஆசிரியரைத் துணைகொண்டு சில நூல்களைப் படித்தேன். அப்பொழுது கிடைத்த வரலாறொன்றையே, நேயர்களே, இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

காலில் முள் தைக்கிறது. கணப்பொழுதிற் செய்தி மூளையை அடைகிறது. இச்செய்தி மின்னின் வடிவிற் செல்கிறது என்பது, தவளையின் காலைத் துடிக்கச் செய்து கல்வானி என்னும் இத்தாலியர் 1791 இல் தம் ஆய்வை வெளியிட்ட காலந்தொட்டு அறிஞர் பேசிவந்த செய்தியாகும். ஆனால் நரம்பு செப்புக் கம்பியன்று. கம்பியிலே இலத்திரன்கள் ஓடுகின்றன. நரம்பிலோ, உப்பு நீரிற் கரைந்துள்ள அயன்கள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், கலத்தின் மென்சவ்வைக் கடந்து உள்ளும் புறமுமாகச் செல்கின்றன. கலத்தினுள்ளே பொற்றாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. நரம்பு ஓய்ந்திருக்கும்போது பொற்றாசியம் சிறிது சிறிதாக வெளியே கசிய முயல்கிறது. அவ்வாறு கசியுந்தோறும் உட்புறம் எதிரேற்றம் பெறுகிறது. அவ்வேற்றம் பொற்றாசியத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. தள்ளும் விசையும் இழுக்கும் விசையும் ஏறத்தாழச் சமப்படும் நிலையில், உட்புறம் வெளிப்புறத்திலும் 70 மில்லிவோல்ற்று அளவிற் குறைந்து நிற்கிறது.

70 மில்லிவோல்ற்று என்பது மின்சூள் விளக்கிலிடும் மின்கலத்தின் வலுவில் இருபதில் ஒரு பங்குதான். இதற்கு ஏன் இத்துணைப் பேச்சு என்று நீங்கள் எண்ணக்கூடும். மென்சவ்வின் தடிப்பையும் நோக்கவேண்டும். அது ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்திலொரு பங்கிலும் குறைவு. அச்சிறு தடிப்புக்குள் அவ்வழுத்தம் அடங்கியிருப்பதால், சதமமீற்றருக்கு ஏறத்தாழ ஓரிலட்சம் வோல்ற்று என்னும் கணக்காகிறது. வறண்ட காற்றிலே மின்பொறி பாய்வதற்குச் சதமமீற்றருக்கு 30,000 வோல்ற்றே போதுமானது. நம் உடலின் ஒவ்வொரு நரம்பும் இத்தகைய இறுக்கத்தைத் தாங்கிக்கொண்டுதான் அமைதியாகக் கிடக்கிறது.

இதனை அளந்தறிய உதவியது நம் கறிச்சட்டியை அலங்கரிக்கும் கணவாய். கணவாய் இனமொன்றில், பகைவரைக் கண்டதும் நீரைப் பீச்சிக்கொண்டு தப்பியோடுவதற்கென அமைந்த நரம்பு நார் ஒரு மில்லிமீற்றர் வரை பருமன் உடையது. 1939 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வுக்கூடத்திலே, அலன் ஹொட்ஜ்கின், அன்ட்ரூ ஹக்ஸ்லி என்னும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் இருவர் அந்நாரினுள்ளே நுண்ணிய மின்வாயொன்றைச் செலுத்தினர். செய்தி பாயும் கணத்தில் உட்புறத்தின் எதிரேற்றம் அற்றுப்போவது மாத்திரமன்றி, அது நேரேற்றமாகவே மாறிவிடுவதைக் கண்டனர். காரணத்தைத் தேடுமுன் போர் மூண்டது. ஹொட்ஜ்கின் ரேடார் கருவிப் பணிக்கும், ஹக்ஸ்லி விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பற்றிய ஆய்வுக்கும் சென்றனர். பிளிமத் ஆய்வுக்கூடமும் 1941 இல் குண்டுவீச்சினாற் சேதமுற்றது. அங்கே விட்ட வேலையைப் போரின் பின்னரே மறுபடியும் தொடங்கினார்கள். ஹொட்ஜ்கினும் பேர்னாட் கற்ஸ் என்பவரும் சேர்ந்து, செய்தி பாயும்போது உள்ளே புகுவது சோடியமே என 1949 இற் காட்டினர்.

இனித்தான் கடினமான பகுதி. மின்னழுத்தம் மாறினால் வாயில் திறக்கிறது. வாயில் திறந்தால் மின்னழுத்தம் மேலும் மாறுகிறது. எது காரணம், எது காரியம் என்று பிரித்தறிவது எங்ஙனம்? வன்னிக் குளமொன்றை எண்ணிப் பாருங்கள். நீர்மட்டத்துக்கேற்பத் தானாகவே திறக்கும் துருசொன்று அதற்கு இருப்பதாகக் கொள்வோம். துருசு திறந்தவுடன் நீர்மட்டம் மாறிவிடுவதால், எந்த மட்டத்துக்கு எவ்வளவு திறக்கிறது என்பதை அறிய முடியாது. ஆனால், வெளியேறும் நீரின் அளவுக்குச் சரியாக நீரிறைக்கும் இயந்திரம் ஒன்றினால் மட்டத்தை மாறாமல் நிறுத்திவைத்தால், இயந்திரம் இறைக்கும் அளவே துருசின் வழியே பாயும் அளவாகும். அமெரிக்கரான கெனத் கோல் முதலியோர் நரம்பிற் கையாண்ட இவ்வுபாயத்தை, ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இலத்திரனியற் சுற்றுக்களின் துணையோடு செம்மைப்படுத்தினர். அழுத்தத்தை ஒரு நிலையிற் கட்டிவைத்து, பாயும் மின்னோட்டத்தை அளந்தனர்.

அளவுகளிலே விந்தையொன்று தென்பட்டது. பொற்றாசிய ஓட்டம் தொடங்கும்போது தயங்கித் தயங்கி எழுந்தது. அடங்கும்போதோ சற்றும் தயக்கமின்றி வீழ்ந்தது. ஏன்? கதவொன்றுக்கு நான்கு தாழ்ப்பாள்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் மற்றவற்றைப் பொருட்படுத்தாமல் தன்பாட்டில் நீங்கும். நான்கும் ஒருங்கே நீங்கினாலன்றிக் கதவு திறவாது. ஒரு தாழ் நீங்கியிருக்கும் நிகழ்தகவு பத்தில் ஒன்றாயின், கதவு திறந்திருக்கும் நிகழ்தகவு பதினாயிரத்தில் ஒன்றே. தாழின் நிகழ்தகவு அரைப்பங்காக உயர்ந்தாலும், கதவுக்குப் பதினாறில் ஒன்றுதான். பத்தில் ஒன்பதை எட்டும்போதே கதவு நூற்றுக்கு அறுபத்தைந்து அளவில் திறக்கும். ஆதலின் தொடக்கத்திலே தயக்கம். மூடுவதற்கோ நான்கில் ஏதேனும் ஒரு தாழ் வீழ்ந்தாற் போதும், தயக்கத்துக்கு இடமேயில்லை. கணிதப் புத்தகத்திலே நான்காம் அடுக்கு என்று சிறுவர் மனப்பாடஞ் செய்வது இதுதான். சோடியத்தின் வாயிலுக்கு மூன்று தாழ்களும், திறந்தபின் தானே வந்து அடைக்கும் மறிப்பொன்றும் தேவைப்பட்டன.

இவை யாவும் மனத்தில் வரைந்த சித்திரங்களே. அக்காலத்தில் அவ்வாயில்களை எவரும் கண்டிலர். இச்சித்திரத்தை உண்மையென்று அப்படியே கொள்ளலாகாது என்று அவ்விருவருமே எச்சரித்தனர். அவ்வடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் சமன்பாடுகளைச் சோதிக்க வேண்டுமே! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி, மாற்றியமைக்கும் வேலைக்காக ஆறு மாத காலம் நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி சலிக்கவில்லை. கையினாற் சுழற்றும் கணக்கிடு பொறியொன்றை எடுத்து, சிறு சிறு காலத்துணுக்காக எண்களைக் கூட்டிப் பெருக்கிச் சென்றார். ஆயிரத்தில் சில பங்கு செக்கனில் நரம்பில் ஓடி முடியும் செய்தியைக் கணக்கிட அவர்க்கு வாரக்கணக்கிற் சென்றது. முடிவில், செய்தி செக்கனுக்கு 18.8 மீற்றர் விரையும் என்று கணக்குக் கூறிற்று. கணவாயின் நரம்பில் அளந்து கண்ட வேகம் 21.2 மீற்றர். அழுத்தத்தைக் கட்டிவைத்துப் பெற்ற அளவுகளிலிருந்து, கட்டவிழ்ந்த நரம்பில் விரையும் செய்தியின் வேகம் இத்துணை அண்மையில் வந்தது. 1952 இல் வெளியான இவ்வாய்வுக்காக இருவரும், ஜோன் எக்கிள்ஸ் என்பவருடன் சேர்த்து, 1963 இல் நோபல் பரிசு பெற்றனர்.

பிற்காலத்து வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1976 இல் ஜேர்மனியில் எர்வின் நேஹர், பேர்ட் சக்மன் இருவரும் கண்ணாடிக் குழலொன்றின் நுண்முனையைத் தவளையின் தசையில் ஒற்றி, தனியொரு கால்வாயின் மின்னோட்டத்தையே அளந்தனர். அது திறந்திருந்தது, அல்லது மூடியிருந்தது, இடைநிலை இல்லை. திறந்திருக்கும் கால்வாயொன்றின் வழியே செக்கனுக்கு ஒரு கோடி அளவில் அயன்கள் செல்லக்கூடும். 1998 இல் ரொடெரிக் மக்கினன் என்னும் அமெரிக்கர், மருத்துவராகப் பயின்று பின் எக்ஸ் கதிர்ப் படிகவியலைக் கற்றவர், பற்றீரியமொன்றின் பொற்றாசியக் கால்வாயின் உருவைக் காட்டினார். ஒரேவகைப் புரதத்துண்டுகள் நான்கு கூடி நடுவே வழிவிட்டு நின்றன. நம் நரம்பின் பொற்றாசியக் கால்வாயும் இவ்வாறே நான்கு பகுதிகளாலானது. தாழ்ப்பாள் நான்கு என்ற பழைய எண் வீண் போகவில்லை.

இவை ஆய்வுக்கூடத்தோடு நிற்கும் செய்திகளல்ல. பல் பிடுங்குமுன் வைத்தியர் இடும் ஊசிமருந்து சோடிய வாயிலை அடைப்பதனாலேயே ஈறு மரத்துப்போகிறது. நம் மீனவர் விலக்கும் பேத்தை மீனின் நஞ்சும் அதே வாயிலைத்தான் அடைக்கிறது. ஆனால் மூச்சுவிடும் தசைகளின் நரம்பையும் அடக்கிவிடுகிறது.

தந்தையார் மறுபடியும் வந்தபோது இவற்றையெல்லாம் கூறினேன். பொறுமையாகக் கேட்டிருந்தவர், "அப்ப அந்த ஹக்ஸ்லி எந்தப் பிரிவிலை படிச்சவர்?" என்றார். பௌதிகமும் கணிதமும் பயில வந்து உடற்றொழிலியலுக்குத் திரும்பியவர் என்றேன். உயிரியல் பயின்ற ஹொட்ஜ்கினுக்கும், கணிதத்தை விட்டுவிடாதே என்று இளமையில் ஆசிரியரொருவர் கூறியிருந்தார் என்றும் சொன்னேன். தந்தையார் மகளைப் பார்த்தார், வேறொன்றுஞ் சொல்லவில்லை. பிள்ளை இணைந்த கணிதத்துக்கே பெயர் கொடுத்தாள். உயிரியல் நூல்களை நூலகத்திலிருந்து எடுத்துச்செல்ல அனுமதியுண்டா என்று கேட்டாள். கொடுத்திருக்கிறேன்.