ஷாக்ஸ் விலை 1,800 தான், ஒரு வருஷ வாரன்டியும் உண்டு: வாங்கலாமா?

மாசக் கடைசி, வண்டிய சர்வீஸுக்கு விட்டுட்டு ஆபீஸ்ல உக்காந்திருக்கீங்க. 11 மணிக்கு போன் வருது. "சார், முன்னாடி ரெண்டு ஷாக்ஸும் போயிடுச்சு. எஸ்டிமேட் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், ஓகே சொன்னா வேலைய ஆரம்பிச்சிடுவோம்." தொகையப் பார்த்ததும் பகீர்னு இருக்கும். உடனே என்ன பண்ணுவோம்? உங்க மாடல் பேரைப் போட்டு ஆன்லைன்ல தேடுவோம். அதே காருக்கு, பேர் கேள்விப்படாத பிராண்டு, பாதி விலை, "1 வருட வாரன்டி"ன்னு மஞ்சக் கட்டத்துல போட்டிருக்கும். வாரன்டிதான் இருக்கே, என்ன ஆகப்போகுதுன்னு ஆர்டர் போட்டுடுவோம்.

நானும் அப்படித்தான் போட்டேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின சின்ன ஹேட்ச்பேக், முன்பக்க ஸ்ட்ரட் ஜோடி. ஏழாவது மாசம் இடது பக்கம் ஆயில் ஒழுக ஆரம்பிச்சது. வாரன்டிக்கு மெயில் போட்டா திரும்பி வந்த கேள்விகள்: ஜிஎஸ்டி உள்ள ஒர்க்‌ஷாப்ல மாட்டின பில் எங்க? மாட்டின பிறகு வீல் அலைன்மென்ட் பண்ணின ரிப்போர்ட் எங்க? பழைய பொருளைக் கழட்டி உங்க செலவுல கூரியர் அனுப்புங்க, 15 வேலை நாள்ல பரிசோதிச்சுச் சொல்றோம். நான் தெரு முனை மெக்கானிக் அண்ணன்கிட்ட கேஷ் குடுத்து மாட்டினவன். என்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. க்ளைம் ரிஜெக்ட். அந்தக் கடை பேரை இங்க எழுதல. ஏன்னா அவங்க எழுதி வெச்ச விதிப்படிதான் நடந்துக்கிட்டாங்க, படிக்காதது நான்.

முதல்ல, போனது ஷாக்ஸ்தானா?

இதுலதான் நிறைய பணம் மிச்சமாகும். சின்னச் சின்ன மேடு பள்ளத்துல, மெதுவா போகும்போது "கட கட"ன்னு சத்தம் வந்தா பல நேரம் அது லிங்க் ராடு, இல்லன்னா ஸ்ட்ரட் மவுண்ட். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்னாடி "டங்"குனு வந்தா மவுண்ட் பேரிங்கைச் சந்தேகப்படணும். லிங்க் ராடு மாத்துற செலவு ஸ்ட்ரட் செலவுல ஒரு சின்னப் பங்குதான்.

நிஜமா ஷாக்ஸ் போனா அறிகுறி வேற. ஸ்பீடு பிரேக்கர் தாண்டினதும் வண்டி ஒரு தடவை அமுங்கி நிக்காம ரெண்டு மூணு தடவை ஆடும். பிரேக் போட்டா மூக்கு ரொம்ப இறங்கும். டயரோட தேய்மானம் குழி குழியா இருக்கும். ஷாக்ஸ் உடம்புல ஆயில் வழிஞ்சு ஈரமா இருக்கும். லேசா ஆயில் பூத்த மாதிரி அழுக்கு படிஞ்சிருக்கிறது மட்டும் ஒழுகல் ஆகாது. சர்வீஸ் அட்வைசர் அதைக் காட்டி "லீக்"னு சொன்னா, துடைச்சிட்டு ரெண்டு வாரம் ஓட்டிட்டுத் திரும்பப் பாருங்க. ஆனா வழியுதுன்னா தள்ளிப் போடாதீங்க. ஷாக்ஸ் செத்த வண்டில மேடு பள்ள ரோட்டுல டயர் தரையை விட்டு விட்டுத் துள்ளும், பிரேக் பிடிக்கிற தூரம் கூடும். திண்டிவனம் தாண்டி குடும்பத்தோட 100ல போறப்போ அந்தத் தூரம் ரொம்ப முக்கியம்.

பாதி விலை, ஆனா பாதிச் செலவு இல்ல

ஒரு கணக்கு போடுவோம். விலை ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். இது உதாரணத்துக்கு நான் வெச்ச எண், உங்க எஸ்டிமேட் எண்ணைப் போட்டுப் பாருங்க.

மலிவு ஸ்ட்ரட் ஒண்ணு 1,800, ஜோடி 3,600 ரூபாய். பேர் தெரிஞ்ச கம்பெனி ஸ்ட்ரட் ஒண்ணு 3,200, ஜோடி 6,400. எதை வாங்கினாலும் மாட்டுக் கூலி 1,500, அலைன்மென்ட் 600. ஆக மலிவுக்கு மொத்தம் 5,700, நல்லதுக்கு 8,500. பொருள் விலைல மலிவு 56 சதவீதம்தான். ஆனா மொத்தச் செலவுல அது 67 சதவீதம் ஆயிடுது, ஏன்னா கூலி ரெண்டுக்கும் ஒண்ணுதான். அதாவது நல்ல ஸ்ட்ரட் 50,000 கி.மீ. ஓடும்னு வெச்சுக்கிட்டா, மலிவானது குறைஞ்சது 33,500 கி.மீ. ஓடினாதான் உங்களுக்கு நஷ்டம் இல்ல. 20,000ல போயிடுச்சுன்னா கி.மீ.க்கு 28 பைசாவுக்கு மேல, நல்லதுல 17 பைசா.

இப்போ வாரன்டிய இந்தக் கணக்குக்குள்ள கொண்டு வாங்க. எட்டாவது மாசம் ஒரு பக்கம் போச்சு, க்ளைமும் பாஸ் ஆயிடுச்சுன்னே வெச்சுக்குவோம். 1,800 ரூபாய் பொருள் ஃப்ரீயா வரும். கழட்டி மாட்ட ஒரு பக்கக் கூலி 750, அலைன்மென்ட் திரும்ப 600, கூரியர் ஒரு 200. கையில நிக்கிற லாபம் 250 ரூபாய். பழசை முதல்ல அனுப்பினாதான் புதுசு வரும்னு சொன்னா, அந்த ரெண்டு மூணு வாரம் வண்டி நிக்கும், நீங்க ஆபீஸுக்கு ஆட்டோ. அப்போ லாபமும் இல்ல. பெரும்பாலான வாரன்டி பொருளுக்கு மட்டும்தான், கூலிக்கு இல்லங்கிறதால மலிவுப் பொருளோட வாரன்டிக்கு மதிப்பும் மலிவுதான். வருஷத்தைக் கூட்டிப் போட்டாலும் இந்தக் கணக்கு பெருசா மாறாது.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். இன்னும் ஒரு வருஷத்துல வண்டிய வித்துடப் போறீங்க, மாசம் 500 கி.மீ.தான் ஓட்டுறீங்கன்னா மலிவு ஜோடி 2,800 ரூபாய் மிச்சம் பண்ணிக் குடுக்கும், அது நியாயமான முடிவுதான். பின்பக்க ஷாக்ஸுக்கும் கணக்கு வேற. நம்ம ஊர் சின்னக் கார்கள் நிறையதுல பின்னாடி ஸ்பிரிங் தனி, ஷாக்ஸ் தனி. ரெண்டு போல்ட்டைக் கழட்டினா வந்துடும், கூலி கம்மி, அலைன்மென்ட்டும் தேவைப்படாது. திரும்ப மாத்த நேர்ந்தாலும் வலி கம்மி. லிங்க் ராடும் அப்படித்தான், போனா சத்தம் வரும், அவ்வளவுதான். ஆனா லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட் ரெண்டுலயும் ஒரு ரூபாய் கூட மிச்சம் பிடிக்காதீங்க. பால் ஜாயின்ட் கழண்டா சக்கரமே மடங்கிடும்.

கையில எடுத்துப் பார்த்தா என்ன தெரியும்?

கடைல டப்பாவைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி டப்பாவைப் படிங்க. தயாரிச்சவர் இல்ல இறக்குமதி பண்ணினவர் பேர், முகவரி, மாசம் வருஷம், எம்ஆர்பி, புகார் சொல்ல நம்பர் இதெல்லாம் பேக் பண்ணின பொருள்ல சட்டப்படி இருக்கணும். வெறும் வண்டிப் படமும் "ஹை குவாலிட்டி"யும் மட்டும் அச்சடிச்ச டப்பான்னா அங்கேயே வெச்சிடுங்க. வாரன்டி கேட்டு யார்கிட்ட போவீங்க?

அடுத்து ராடு. கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கணும். நகத்தால தடவினா எங்கயும் சிக்கக் கூடாது. அந்தக் குரோம் பூச்சுல ஒரு கீறல் இருந்தாலும் ஒவ்வொரு அசைவுலயும் ஆயில் சீலை அது கிழிச்சுக்கிட்டே இருக்கும். ஸ்பிரிங் உக்காருற தட்டு, நக்கிள்ல மாட்டுற பிராக்கெட், இந்த இடங்கள்ல வெல்டிங் விடாம ஒரே கோடா இருக்கணும், ஓட்டை ஓட்டையா இருக்கக் கூடாது. பிறகு நேரா நிமித்திப் பிடிச்சு நாலஞ்சு தடவை முழுசா அமுக்கி இழுங்க. படுக்க வெச்சிருந்ததுல உள்ள காத்து புகுந்திருக்கும், முதல் ரெண்டு அமுக்குல லூசா இருந்தா தப்பில்ல. அதுக்கப்புறமும் நடுவுல ஒரு இடத்துல பொசுக்குனு இறங்கினா அந்தப் பீஸ் வேண்டாம். ஜோடில ரெண்டும் ஒரே கனமா எதிர்க்கணும். கேஸ் டைப்னு எழுதியிருந்தா, கைய எடுத்ததும் ராடு தானா மெதுவா மேல வரணும்.

சென்னைல புதுப்பேட்டை மாதிரி இடங்கள்ல ரீகண்டிஷன் ஷாக்ஸும் கிடைக்கும். ஆயில் மாத்தி, கறுப்பு பெயின்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க. ரீகண்டிஷன்னு சொல்லி விக்கிறவர் நேர்மையானவர். புதுசுன்னு சொல்றவர்கிட்டதான் கவனம். பிராக்கெட் ஓட்டைல போல்ட் உரசின தடம், பொறிச்ச நம்பர் மேல தடிமனா பெயின்ட், இந்த ரெண்டும் காட்டிக் குடுத்துடும்.

ஆனா ஒரு விஷயத்தை நேர்மையா ஒத்துக்கணும். கையால அமுக்குறது மோசமானதை வடிகட்டும், நல்லதுன்னு நிரூபிக்காது. குழில சக்கரம் விழும்போது ராடு நகருற வேகம் நம்ம கையோட வேகத்தை விடப் பல மடங்கு. அந்த வேகத்துல உள்ள இருக்கிற வால்வு எப்படி வேலை செய்யும்னு மெஷின்லதான் பார்க்க முடியும். அதனாலதான் யார் செஞ்சதுங்கிற கேள்வி முக்கியமாகுது. கேப்ரியல் மாதிரி கார் கம்பெனிகளுக்கே சப்ளை பண்றவங்க, ஜப்பானோட கேஒய்பி, டென்னகோவோட மன்ரோ, இவங்க எல்லாம் தங்கள் பேர்லயே வெளி மார்க்கெட்லயும் விக்கிறாங்க. மாருதி ஜெனுயின் பார்ட்ஸ், ஹூண்டாய்க்கு மோபிஸ் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்லயும் கவுண்டர்ல நேரா வாங்கலாம். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டுக்கும் பேரே தெரியாத பிராண்டுக்கும் நடுவுல இப்படி ஒரு வழி இருக்குங்கிறதே பலருக்குத் தெரியல. பொருளை நாம வாங்கி, கூலியை வெளி மெக்கானிக்குக் குடுக்கிறது. என்னோட ரெண்டாவது ஜோடி அப்படித்தான் வாங்கினது.

வாரன்டி கார்டுல எங்க பார்க்கணும்?

காலத்தோட கி.மீ.யும் இருக்கும், எது முதல்ல முடியுதோ அதோட சரி. வாடகை வண்டி ஓட்டினா செல்லாதுன்னு ஒரு வரி இருக்கும். "தேய்மானம் அடங்காது"ன்னு ஒரு வரி இருக்கும், ஷாக்ஸே தேயற பொருள்தான்ங்கிறதால இந்த ஒரு வரியால எதை வேணும்னாலும் மறுக்கலாம். ஆயில் ஒழுகல் அடங்கும்னு தெளிவா எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா வாங்குறதுக்கு முன்னாடியே மெயில்ல கேட்டுப் பதில் வாங்கி வெச்சுக்குங்க. பழைய மவுண்ட், பம்ப் ஸ்டாப், டஸ்ட் பூட்டையே திரும்ப மாட்டினதுன்னு சொல்லியும் மறுப்பாங்க. அது ஓரளவு நியாயம். பிய்ஞ்சு போன பம்ப் ஸ்டாப்போட புது ஸ்ட்ரட் மாட்டினா முழுசா அமுங்கி அடி வாங்கி சீக்கிரமே போயிடும். மெக்கானிக் ராடை பிளையர்ல பிடிச்சு நட்டை முடுக்கினாலும் கதை முடிஞ்சது, பக்கத்துல நின்னு பாருங்க.

ஆன்லைன்னா வாரன்டி குடுக்கிறது யாரு, செஞ்ச கம்பெனியா வித்த ஆளா? வித்த ஆள்னா, ஆறு மாசம் கழிச்சு அவர் அந்தப் பேர்ல அங்க இருப்பாரான்னு யோசிங்க.

"பில் வேண்டாம்னா ஜிஎஸ்டியைக் குறைச்சுக்கிறேன் தம்பி"ன்னு கடைல சொல்வாங்க. 2025 செப்டம்பர் 22லிருந்து வண்டி உதிரிப் பாகங்களுக்கு 18 சதவீதம். 3,600 ரூபாய்ல அது சுமார் 550. அந்த 550க்காக வாரன்டிய மட்டும் இல்ல, புகார் குடுக்கத் தேவையான சாட்சியத்தையும் சேர்த்து விட்டுக் குடுக்கிறீங்க. பில்லுல உங்க பேர், வண்டி நம்பர், பார்ட் நம்பர் மூணும் இருக்கணும். மாட்டுறதுக்கு முன்னாடி உடம்புல பொறிச்ச பேட்ச் நம்பரை போட்டோ எடுங்க. மாட்டின அன்னிக்கு ஓடோமீட்டரையும்.

பில்லோட அடில "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது"ன்னு சீல் குத்தியிருந்தா பயப்படாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, காலம் எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப வாங்க மறுக்கிறது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராம இருக்கிறதும் அதே லிஸ்ட்ல வருது. முதல்ல 1915க்கு போன் பண்ணிப் புகாரைப் பதிவு பண்ணுங்க. அதுல நகரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்ல, வக்கீல் கட்டாயம் இல்ல, ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம், 2 வருஷத்துக்குள்ள பண்ணணும். கடை டெல்லில இருந்தாலும் நீங்க குடியிருக்கிற, இல்ல வேலை பாக்குற ஊர்லயே வழக்கு போடலாம்.

ராடு எப்படி இருக்கணும், வெல்டிங் எப்படி இருக்கணும், அமுக்கிப் பார்க்கிறது எப்படின்னு வீடியோல என்னோட பழைய ஸ்ட்ரட்டையும் புதுசையும் பக்கத்துல வெச்சுக் காட்டியிருக்கேன். ஒழுகின அந்த இடது பக்க ஸ்ட்ரட் இன்னும் வீட்டு பால்கனில தான் கிடக்கு, எடைக்குப் போட்டா எவ்வளவு வரும்னு அடுத்த வாரம் சொல்றேன்.